காரைக்கு மூன்று பெயர், தாளில் எதைப் போடுவது?

முள்காடு:
கல்லூரி ஹெர்பேரியத்தின் (காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி வைக்கும் சேமிப்பு) பழைய தாள்களைக் கணினியில் ஏற்றுகிறேன். காப்பிக் குடும்பம் வந்ததும் மாட்டிக்கொண்டேன். காரை என்ற முட்செடியின் பெயரில் இருக்கும் தாள்களில் ஒன்று பிளெக்ட்ரோனியா பார்விஃபுளோரா, ஒன்று கான்தியம் பார்விஃபுளோரம், புதியது கான்தியம் கோரமண்டலிக்கம். ஒரே செடியா, மூன்றா?

ரூபியேசி ரசிகன்:
ஒரே செடிதான். தாவரவியலாளர் காம்பிள் தன் சென்னை மாகாணத் தாவர நூலில் பிளெக்ட்ரோனியா என்றே போட்டார். அதைப் பார்த்து எழுதியவை பழைய தாள்கள். அந்தப் பேரினப் பெயர் எதைக் குறிக்கும் என்று தீர்மானிக்கும் மாதிரி இனமோ ஒலினியா என்கிற ஆப்பிரிக்கச் செடி. காப்பிக் குடும்பமே கிடையாது! அதனால் அந்தப் பெயர் இங்கே செல்லாது. மிச்சம் இரண்டில் முந்தியதற்கே உரிமை. பார்விஃபுளோரம் லமார்க் 1785இல் வைத்தது. கோரமண்டலிக்கா என்ற அடைமொழியை (பெயரின் இரண்டாம் சொல்லை) பர்மன் 1768இலேயே வைத்துவிட்டார். ஆகவே கான்தியம் கோரமண்டலிக்கம்.

முள்காடு:
நன்றி சார். அப்படியானால் பிளெக்ட்ரோனியா என்று வரும் எல்லாவற்றையும் கான்தியம் என்று ஒரே தட்டில் மாற்றிவிடலாமா?

வேலியோரம்:
ஐயோ, வேண்டாம் தம்பி. அந்தத் தாள்களில் இன்று வேறு பேரினத்துக்குப் போனவையும் இருக்கும். பழைய கான்தியம் டைகாக்கம் இன்று சைட்ரக்ஸ் டைகாக்கோஸ். தாவரவியலாளர் பிரிட்சன் 1985இல் சைட்ரக்ஸை மீட்டுத் தனிப் பேரினமாக்கினார். அதற்கு முள் கிடையாது, இலை தோல்போலத் தடிப்பாக இருக்கும். ஒவ்வொரு தாளாகத்தான் பார்க்க வேண்டும்.

முள்காடு:
இன்னொன்று. காரை என்ற ஒரு தாள், அதே குடும்பத்தின் இன்னொரு முட்செடியான மதுக்காரையோ என்று சந்தேகம். முள் இருக்கிறது, எதிரிலை, நடுவில் இலையடிச்செதில் (இலைக்காம்புகளுக்கு இடையே வரும் சிறு செதில்). காய் இல்லை, காய்ந்த பூ மட்டும்.

ரூபியேசி ரசிகன்:
இலையடிச்செதில் குடும்பத்துக்கே பொது, அதை வைத்துப் பிரிக்க முடியாது. பூவைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிரியுங்கள். காரைக்குப் பூ மிகச் சிறிது, இதழ்மடல் பெரும்பாலும் நான்கு, இலைக்கக்கத்தில் கொத்தாக இருக்கும். மதுக்காரைக்குப் பூ பெரிது, மடல் ஐந்து, மொட்டில் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கியிருக்கும். காய் இருந்தால் இவ்வளவு பாடே இல்லை: காரையில் கொட்டை இரண்டு, மதுக்காரையில் விதை நிறைய, உச்சியில் புல்லிவட்டம் நிற்கும். ரண்டியா டுமெட்டோரம் என்ற தாள் கிடைத்தால் அது இந்த மதுக்காரைதான், இப்போது கட்டுனரேகம் ஸ்பைனோசா.

வேலியோரம்:
பழைய சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். புதுப் பெயர், உங்கள் பெயர், தேதி எழுதிய சிறு சீட்டை அதன் பக்கத்தில் ஒட்டுங்கள்.

முள்காடு:
மடல் ஐந்து, மொட்டில் முறுக்கு. மதுக்காரையேதான்.