மறு: “டிடெக்ட்” என்பதற்குக் கலைச்சொல் – கணினிக்குத் தெரியாத வன்தட்டு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிக்குள் இருக்கும் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) கணினிக்குத் தெரியாமல் போகும், அதாவது “டிடெக்ட்” ஆகாத நிலையைக் குறிக்க “கண்டறியப்படவில்லை”, “உணரப்படவில்லை”, “புலப்படவில்லை” ஆகிய மூன்று சொற்கள் இந்த இழையில் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றும் நல்ல சொற்களே. ஆனால் எதைத் தேர்ந்தாலும், வெவ்வேறு இடங்களில் நேரும் வெவ்வேறு பழுதுகளுக்கு ஒரே பெயர் சூட்டியவர்களாவோம் என்பதே என் கவலை. பழுதுநீக்கும் கையேட்டில் இந்தக் குழப்பம் பயனரின் தரவையே பறித்துவிடக்கூடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதல் நிலை இது: கணினியை இயக்கியதும், இயங்குதளத்துக்கு முன்பே தாய்ப்பலகையில் ஓடும் பயோஸ் அல்லது யுஇஎஃப்ஐ நிலைபொருள் (ஃபர்ம்வேர்), வன்தட்டுகளை மாட்டும் சாட்டா இணைப்பு ஒவ்வொன்றிலும் இருக்கும் சாதனத்திடம் அதன் விவரத்தைக் கேட்கிறது. வன்தட்டு தன் மாதிரிப் பெயர், வரிசை எண், கொள்ளளவு ஆகியவற்றை விடையாக அனுப்புகிறது. அந்த விடை வந்து சேர்ந்தால்தான் அமைப்புத் திரையில் அதன் பெயர் தோன்றும். கேட்டு அறியும் இச்செயலுக்கு “இனங்காணல்” என்ற சொல் மிகப் பொருந்தும் என்று கருதுகிறேன். “இனங்காணப்படவில்லை” என்று படித்தவர் மென்பொருளில் நேரத்தை வீணாக்காமல் பெட்டியைத் திறந்து, 15 முனைகள் கொண்ட மின் இணைப்பையும் 7 முனைகள் கொண்ட தரவுக் கேபிளையும் கழற்றி மாட்டிப் பார்ப்பார். வேறு கேபிளையும் வேறு போர்ட்டையும் முயல்வார். சில தாய்ப்பலகைகளில் எம்.2 என்னும் சிறு செருகுமிடத்தில் ஓர் எஸ்எஸ்டியைச் (சுழலும் தட்டில்லாத சேமிப்பகத்தைச்) செருகினால் குறிப்பிட்ட சாட்டா போர்ட் ஒன்று தானாகவே செயலிழந்துவிடும். சில புதிய வன்தட்டுகளிலோ, மின் இணைப்பின் மூன்றாம் முனையில் 3.3 வோல்ட் வந்துகொண்டிருந்தால் தட்டு சுழலவே தொடங்காது. கேபிள் இறுக்கமாக இருந்தும் உயிரற்றதுபோல் கிடக்கும் வன்தட்டைப் பழுதென்று தூக்கிப் போடுவதற்கு முன் இதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நிலைதான் எனக்குப் பெரிதும் கவலை தருவது. நிலைபொருள் இனங்கண்டுவிட்டது, இயங்குதளமும் வன்தட்டைப் பட்டியலிடுகிறது, ஆனால் அதில் பிரிவு அட்டவணை (வன்தட்டின் எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு) இல்லை, அல்லது இருந்த அட்டவணை சிதைந்துவிட்டது. அப்போது விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்னும் கருவி “இனிஷியலைஸ்” செய்யச் சொல்லி, அட்டவணையின் இரு வகைகளில் எம்பிஆர் வேண்டுமா ஜிபிடி வேண்டுமா என்று கேட்கும். இந்தச் செயலுக்குத் “துவக்குதல்” என்ற சொல்லை ஒரு நண்பர் பரிந்துரைத்திருந்தார். அதை நான் ஏற்கத் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவதாக, கணினி இயங்கத் தொடங்கும் “பூட்” என்பதற்கு அச்சொல் ஏற்கெனவே வழக்கில் வேரூன்றியிருக்கிறது. இரண்டாவதாக, “வன்தட்டைத் துவக்கவா?” என்று கேட்டால் யாரும் தயங்காமல் “ஆம்” என்பார்கள், உறங்கும் வன்தட்டை எழுப்புகிறோம் என்றே எண்ணுவார்கள். உண்மையில் அங்கே புதிய பிரிவு அட்டவணை ஒன்று பழையதன் மேல் எழுதப்படுகிறது. கோப்புகள் உடனே அழிவதில்லை என்றாலும், அவை இருக்கும் பிரிவுகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்ற குறிப்பு போய்விடுவதால் மீட்புப் பணி பன்மடங்கு கடினமாகிறது. புத்தம்புது வன்தட்டுக்கு இது தேவையான படி. பல்லாண்டுக் கோப்புகளைச் சுமக்கும் பழைய வன்தட்டுக்குப் பேரிடர். எனவே “அட்டவணை பதித்தல்” என்று, நிகழும் செயலையே பெயராக வைக்குமாறு வேண்டுகிறேன். “இந்த வன்தட்டில் புதிய அட்டவணையைப் பதிக்கவா?” என்ற கேள்வியைக் கண்டால், ஏற்கெனவே ஓர் அட்டவணை இருந்ததே என்று படிப்பவர் ஒரு கணம் நின்று யோசிப்பார்.

பல வன்தட்டுகளை ஒன்றாக ஆளும் ரெய்டு, இன்டெலின் விஎம்டி போன்ற சேமிப்பகப் பயன்முறைகள் இயக்கத்தில் இருப்பதால், உரிய இயக்கி (டிரைவர் மென்பொருள்) நிறுவப்படும்வரை இயங்குதளத்தின் பட்டியலில் வன்தட்டு வராமலிருப்பதும் உண்டு. அதற்குத் தனிச்சொல் தேவையில்லை. “இயக்கி இல்லை” என்றாலே போதும்.

மூன்றாம் நிலையில் வன்தட்டும் பிரிவுகளும் நலமாக இருக்கும். கோப்புகளுக்குச் செல்லும் வழி மட்டும் திறந்திருக்காது. விண்டோஸில் டிரைவ் எழுத்து ஒதுக்கப்படாமல் இருக்கலாம்; லினக்ஸில் “மவுண்ட்” செய்யப்படாமல் இருக்கலாம். இச்செயலுக்கு “ஏற்றுதல்” என்றால் பதிவேற்றத்தோடு குழம்பும். “பொருத்துதல்” என்றால், வன்தட்டைப் பற்றிய கையேட்டில் அது திருகாணி போட்டு மாட்டுவதையே குறிக்கும். பிரிவுக்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கோப்பு முறைமையை இயங்குதளத்தோடு இணைப்பதால் “கோப்பிணைப்பு” எனலாமா என்று கேட்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் எவருக்கேனும் தோன்றினால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். ஆனால் எச்சொல்லை எடுத்தாலும், லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை கொண்ட பிரிவை விண்டோஸ் படிக்க முடியாமல் “ஃபார்மேட் செய்யவா?” என்று கேட்கும் தருணத்தில், வன்தட்டு பழுதாகவில்லை என்பதைப் பயனருக்கு அச்சொல் உணர்த்த வேண்டும். அந்தச் சோதனையில் “கண்டறியப்படவில்லை” தேறவில்லை என்பதால்தான் அதைப் பொதுச்சொல்லாகக்கூடக் கையேட்டில் சேர்க்க வேண்டாம் என்கிறேன்.