'ஆஃப் பிராட்வே'க்குப் 'புறம்' பொருந்துமா?

அன்புடையீர்,

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளை, பிராட்வே என்னும் சாலையின் பெயரால், 'பிராட்வே' என்றே சொல்வார்கள்; அவற்றைவிடச் சிறியவை 'ஆஃப் பிராட்வே'. இந்த இரண்டாம் சொல்லைத் தமிழில் 'புறப் பிராட்வே' என்று ஆளலாம் என்ற பரிந்துரையை ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. புறநகர், புறவழிச்சாலை என்று பழகிய காதுக்கு அது ஊருக்கு ஒதுக்குப்புறமான அரங்கு என்றே ஒலிக்கும். பெயர் பிறந்தபோது இடப்பொருள் இருந்தது உண்மையே. ஆனால் 1913இல் தோன்றிய ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்னும் அமெரிக்க நடிகர் சங்கம் தயாரிப்பாளர்களோடு செய்துகொள்ளும் நியூயார்க் ஒப்பந்தங்களில் பெரிதும் எண்ணப்படுவது நாற்காலிகள்தான்: பொதுவாக 500 இருக்கையும் அதற்கு மேலும் என்றால் பிராட்வே, 100 முதல் 499 வரை ஆஃப் பிராட்வே, 99க்கு மேற்படாதது ஆஃப் ஆஃப் பிராட்வே. பிராட்வே அரங்குகளில் பெரும்பாலானவை அந்தப் பெயருள்ள சாலையிலேயே இல்லை, குறுக்குத் தெருக்களில் இருக்கின்றன. இந்த அரங்குகள் செறிந்துள்ள டைம்ஸ் சதுக்கத்தை விட்டு வெகுவாக வடக்கே, லிங்கன் சென்டரில் உள்ள விவியன் போமாண்ட் அரங்கும் பிராட்வேக் கணக்கில்தான் சேர்கிறது.

ஆகவே அளவைச் சுட்டும் சொற்களே தகும். பிராட்வேக்குப் பேரரங்கு, ஆஃப் ஆஃப் பிராட்வேக்குச் சிற்றரங்கு என்பவற்றில் சிக்கல் இல்லை. நடுவில் உள்ளதற்கு 'இடையரங்கு' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். 'இடையர் அங்கு' என்றும் கண் பிரித்துப் படிக்கிறது. 'நடுவரங்கு' என்றாலும் அதே இடர். இடைநிலைப் பள்ளி என்பதுபோல 'இடைநிலை அரங்கு' என்று கொண்டால் தெளிவாக இருக்கும்.

அமெரிக்காவின் பல நகரங்களில் உள்ள, ஓர் ஊரிலேயே நிலைத்து நாடகம் நடத்தும் நிலைக்குழு அரங்குகளின் கூட்டமைப்போடு (LORT) நடிகர் சங்கம் செய்துகொள்ளும் லார்ட் ஒப்பந்தம், அரங்குகளை ஏ, பி, சி, டி என்று தரம் பிரிக்கிறது. நம் திரைப்பட விநியோகத்தில் ஏ சென்டர், பி சென்டர் என்பது ஊரைக் குறிப்பதால், இங்கும் ஊரின் பெருமை சிறுமையே அளவுகோல் என வாசகர் எண்ணிவிடுவார். லார்ட் ஒப்பந்தத்திலோ அடிப்படை, அரங்கின் வாராந்திர நுழைவுச்சீட்டு வசூல். நடிகரின் குறைந்தபட்ச ஊதியம் அதைப் பொறுத்தது. 'வசூல் நிலை' என்றால் அந்தக் குழப்பம் வராது.

நியூயார்க்கின் சிற்றரங்குகளில் நடக்கும் 'ஷோகேஸ்' என்ற நாடக நிகழ்வுக்கு 'வெள்ளோட்டம்' என்ற சொல் வேண்டாம் என்பேன். வெள்ளோட்டத்தில் சோதிக்கப்படுவது தேர். இங்கோ நடிகர்கள், 99 இருக்கைக்கு மேற்படாத அரங்கில், முறையான ஊதியமின்றிப் போக்குவரத்துச் செலவு போன்றவற்றை மட்டும் பெற்று, தம் திறனைத் தயாரிப்பாளர் கண்ணில் படச் செய்கிறார்கள். 'திறன்காட்டு நிகழ்வு' என்பது என் முன்மொழிவு. அதன் விளக்கத்தில் ஊதியமின்மை கட்டாயம் இடம்பெற வேண்டும்.