சுங்கை சிப்புட்: தெரிந்தவர் கடையில் டியூனிங் செய்த காடி சரியில்லை, எப்படிக் கேட்பது?

லிந்தாங் நியோ:

வணக்கம். என்னுடையது 2010 புரோட்டோன் சத்ரியா நியோ கார், 1.6 சிபிஎஸ் ரகம், மேனுவல் கியர். ஈப்போ தாசெக்கில் வேலை. செம்மோர் வழியாகப் பழைய சாலையில்தான் தினமும் போய் வருகிறேன். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளை முந்துவதற்கு மூன்றாம் கியரில் இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நல்லது என்றுதான் டியூனிங் ஆசை வந்தது.

எங்கள் டவுனில் ஒரு கடையில் எக்ஸ்டிராக்டர் (இஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) மாற்றி, ஈசியூவை, அதாவது இஞ்சினை இயக்கும் கணினியை, ரீமேப் செய்தேன் (அதன் அமைப்பு எண்களான 'மேப்'பை மாற்றினேன்). மொத்தம் 2,400 வெள்ளி (ரிங்கிட்). காடி கைக்கு வந்த அந்த வாரமே ஐடிலில் ஆர்பிஎம் ஊசி ஏறி ஏறி இறங்க ஆரம்பித்தது. செக் இஞ்சின் விளக்கு எரிந்தது. புகைக்குழாய் முனை கரி பிடித்துக் கறுத்துவிட்டது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கிறது. திரும்பப் போனேன். ஸ்கேனரைச் சொருகி விளக்கை அணைத்துவிட்டு, "ஓட ஓடச் சரியாகிவிடும், இஞ்சின் புது மேப்புக்குப் பழக வேண்டும்" என்றார். விளக்கு மறுபடியும் எரிகிறது. இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வருகிறது, பதில் இல்லை.

சிக்கல் என்னவென்றால், அவரும் என் அப்பாவும் ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கோயில் கமிட்டியிலும் ஒன்றாக இருக்கிறார்கள். நான் ரசீது கேட்டபோது, "நம்ம பிள்ளைக்கு எதற்கு ரிசிட்?" என்று தோளில் தட்டினார். அப்பாவோ, "விட்டுவிடு, நாளைக்குத் திருவிழாவில் முகம் பார்க்க வேண்டும்" என்கிறார். தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) எழுதிய கணக்கைக்கூட எதிர்த்துக் கேட்காத தலைமுறை, அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் நான் ஓவர்டைம் செய்து சேர்த்தது. மனம் ஆறவில்லை.

காடியில் உண்மையில் என்ன கோளாறு? அவரிடம் எப்படிக் கேட்பது?

பழைய ஃபிட்டர்:

தம்பி, இஞ்சின் எந்த மேப்புக்கும் பழகிக்கொண்டு தானாகச் சரியாகாது. விளக்கு எரிந்தால் ஈசியூவில் ஒரு கோட் பதிந்திருக்கும். அது என்ன கோட் என்று சொல்லாமல் அழித்தது தப்பு. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். காடியில் சொருகிக் கைப்பேசியில் கோட் படிக்கும் ஓபிடி புளூடூத் ஸ்கேனர் மலிவாகவே கிடைக்கிறது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு எக்ஸ்டிராக்டர் கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் வைக்கும் தகடு) மேல்தான் சந்தேகம். ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டு, 'கலவையில் பெட்ரோல் பற்றவில்லை' என்று ஈசியூவுக்குத் தவறாகச் சொல்லும். ஈசியூ இன்னும் பெட்ரோலை ஊற்றும். கரி, ஐடில் ஆட்டம், பெட்ரோல் செலவு எல்லாம் அதிலிருந்தே வரலாம். கோட் பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு) என்று வந்து, ஃபியூல் டிரிம் (ஈசியூ கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் அளவு) இருபது சதவீதத்துக்கு மேல் பிளஸ்ஸில் நின்றால் பெரும்பாலும் இதுதான். காலையில் குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் கேஸ்கெட் ஓரத்தில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா, கரிக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். நாள் கடத்த வேண்டாம். இப்படியே ஓட்டினால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விடும்.

கவுண்டர் அக்கா:

ஈப்போவில் ஒரு டியூனிங் கடையில் பல வருடம் கவுண்டரும் கணக்கும் பார்த்தவள் நான். நானும் தோட்டத்துப் பிள்ளைதான், அதனால் உங்கள் சங்கடம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

சிடுசிடுப்பாகப் பேசும் மெக்கானிக்கை எல்லோரும் கெட்ட சேவை என்பார்கள். நான் பார்த்தவரை, வாடிக்கையாளரை அதிகம் அழ வைத்தவர்கள் மைலோ வாங்கிக் கொடுத்து, தம்பி தம்பி என்று கூப்பிட்டு, கையில் ஒரு காகிதமும் கொடுக்காமல் அனுப்பியவர்கள். எங்கள் தவுக்கே (முதலாளி) அதிகம் சிரிக்கமாட்டார். ஆனால் சாவியை வாங்குமுன் கேட்பார்: தினமும் எங்கே ஓட்டுகிறாய், 95 பெட்ரோல் ஊற்றுகிறாயா 97 ஊற்றுகிறாயா, காடியில் எத்தனை பேர் ஏறுவார்கள். அப்புறம் வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார், ஸ்கேன் செய்வார். ஏற்கெனவே கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் டியூனிங் கிடையாது. பணம் வரும் வேலையை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

டர்போ இல்லாத காடிக்கு ரீமேப் கேட்டு வந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்: "கொஞ்சம்தான் ஏறும். முதலில் பிளக், காயில், டயரைப் பார்." உங்களிடம் அந்தக் கடையில் யாராவது இதைச் சொன்னார்களா? நியோ சிபிஎஸ்ஸுக்கு புரோட்டோன் சொன்ன 125 குதிரைசக்தி இஞ்சினில் அளந்த கணக்கு. டைனோ என்ற சக்தி அளக்கும் எந்திரத்தில் சக்கரத்தில் அளந்தால், கியர்பாக்ஸும் டிரைவ்ஷாஃப்டும் தின்றது போக நூறு சொச்சம்தான் காட்டும். இது தெரியாத பையனிடம் வேலை முடிந்த பிறகு எடுத்த எண்ணை மட்டும் காட்டி எதையும் விற்றுவிடலாம். அதனால் தொடுவதற்கு முன் ஒரு ஓட்டம், முடித்த பிறகு அதே டைனோவில் ஒரு ஓட்டம், இரண்டு தாளும் வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். கம்பெனியின் ஒரிஜினல் மேப்பும் பென்டிரைவில் கிடைக்க வேண்டும், கழற்றிய பழைய சாமானும் பெட்டியில் திரும்பி வர வேண்டும். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய காடியின் சொத்து.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பெண்கள் காடி கொண்டுவந்தால், "ஹஸ்பண்ட் நம்பர் கொடுங்கள், அவரிடம் பேசிக்கொள்கிறோம்" என்று சொல்லும் கடைகள் இன்னும் இருக்கின்றன. கட்டுவது அவள் சம்பளம், ஓட்டுவது அவள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

ரசீதைப் பற்றி. "நம்ம பிள்ளை" என்றால் இன்னும் கவனமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நாளைக்கு வார்த்தை மாறாமல் இருக்கவும், கோயிலில் முகம் பார்க்கவும் அந்தத் தாள்தான் உதவும்.

லிந்தாங் நியோ:

அண்ணே, நீங்கள் சொன்னதேதான். நண்பரின் ஸ்கேனரில் பி0171 வந்தது. மூன்றாம் சிலிண்டர் பக்கம் கேஸ்கெட்டில் கரிக்கோடும் தெரிகிறது, படம் எடுத்து வைத்திருக்கிறேன். அக்கா, டைனோ தாள் எதுவும் எனக்குத் தரவில்லை. ரசீது இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?

சட்டம் படிக்கும் தங்கை:

முடியும் அண்ணா. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவைக்கும் பொருந்தும். வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்வோம் என்ற உத்தரவாதத்தை 53ஆம் பிரிவே தருகிறது, கடைக்காரர் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, விண்ணப்பத்தை இணையத்திலும் போடலாம். மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வங்கியில் பணம் அனுப்பிய ஸ்லிப், வாட்ஸ்அப் பேச்சு, இப்போது எடுத்த படம் எல்லாம் சான்றுதான். எதையும் அழிக்காதீர்கள்.

கவுண்டர் அக்கா:

தங்கை சொன்னதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் மெசேஜிலேயே தீர்ப்பாயம் என்று எழுத வேண்டாம். அப்பா பெயரையும் இழுக்க வேண்டாம். இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"அங்கிள், வணக்கம். ஸ்கேனில் பி0171 வருகிறது. எக்ஸ்டிராக்டர் கேஸ்கெட்டில் கசிவு இருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன். கேஸ்கெட்டை மாற்றி, மறுபடி ஸ்கேன் செய்து காட்டுங்கள். ஒரிஜினல் மேப் ஃபைலும் 2,400 வெள்ளிக்கு ரசீதும் வேண்டும். எந்த நாள் காடியைக் கொண்டுவரலாம்?"

வேறு கடைக்காரர் கை வைப்பதற்கு முன் இவருக்குச் சரிசெய்ய ஒரு வாய்ப்பு கொடுங்கள். இல்லையென்றால் "அவன் தொட்டதால்தான் கெட்டது" என்று பேச்சு மாறிவிடும்.

லிந்தாங் நியோ:

அப்படியே அனுப்பினேன் அக்கா. அன்று மாலையே போன் செய்தார். சனிக்கிழமை காலை கொண்டுவரச் சொல்கிறார், ரசீதும் தருகிறாராம். மேப் ஃபைல் "தேடிப் பார்க்கிறேன்" என்றார், அதை விடமாட்டேன். பழைய ஃபிட்டர் அண்ணே, சனிக்கிழமை நான் பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும்?

பழைய ஃபிட்டர்:

பழைய கேஸ்கெட்டின் ஒட்டுகளைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்கிறார்களா பாருங்கள். எக்ஸ்டிராக்டரின் பிளேஞ்ச் (இஞ்சினோடு பொருந்தும் தட்டு) வளைந்திருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வளைந்திருந்தால் எத்தனை கேஸ்கெட் போட்டாலும் கசியும். நட்டுகள் புதிதாக இருக்கட்டும். நடுவிலிருந்து ஆரம்பித்து இரு பக்கமும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பேனரால்) இறுக்க வேண்டும். சில நாள் ஓடிச் சூடாகி ஆறிய பிறகு திரும்பப் போய் இறுக்கத்தை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். ஃபியூல் டிரிம் இறங்கிய படத்தை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.