ஸ்டார் வார்ஸை எந்த வரிசையில் காட்டுவது?

நண்பர்களே, ஒரு யோசனை தேவை. ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படவரிசையின் பக்கமே எட்டிப் பார்க்காத என் தங்கை இப்போது பார்க்க ஆசைப்படுகிறாள். 1977இல் வந்த படத்தில் தொடங்கி, வெளியான வரிசையிலேயே போகலாம் என்பது என் கட்சி. கதைக்கால வரிசைப்படி 1999இல் வந்த படத்தில் தொடங்கினால் வில்லன் டார்த் வேடரின் ரகசியம் முன்பே உடைந்துவிடும். அதை எப்படிப் பொறுப்பது?

சிக்கல் அதே ஸ்டார் வார்ஸ் உலகில் நடக்கும் 'ஆண்டோர்' தொடரில்தான். ஜெடாய் வீரர்களையும் ஒளிவாளையும் நம்பாமல் அரசியலைப் பிடித்துக்கொண்டு போகும் அந்த 24 அத்தியாயங்கள்தான், என்னைக் கேட்டால், மொத்த வரிசையின் உச்சம். அவை 2016இல் வந்த 'ரோக் ஒன்' படத்தின் வாசலில் முடிகின்றன. இதை முதலில் காட்டினால் பழைய படங்கள் அவளுக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியுமோ? புதியவர்களுக்குக் காட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். 2019இல் முடிந்த கடைசி மூன்று படங்களைத் தவிர்த்துவிடலாமா? (சண்டை வேண்டாம், பதில் போதும்.)