கிரானுலர் டிஸ்ட்ரோபிக்கு பிடிகே லேசர்: எல்லாப் புள்ளியும் போயிடுமா?

தாமிரபரணி:
அண்ணனுக்கு வயது 46. இரண்டு கருவிழியிலும் கிரானுலர் டிஸ்ட்ரோபி (கருவிழியில் வெள்ளைப் படிவுப் புள்ளிகள் சேரும் பரம்பரை நோய்). ராத்திரியில் எதிரே வரும் வண்டி விளக்கு பொரிப் பொரியாகச் சிதறுகிறது. ஓசிடி ஸ்கேனில் புள்ளிகள் பெரும்பாலும் 90 மைக்ரான் ஆழத்துக்குள், சில 180 வரை. கருவிழியின் தடிமன் 535 மைக்ரான். பிடிகே (கருவிழியின் மேற்பரப்பை லேசரால் சீவும் சிகிச்சை) செய்யலாம் என்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றச் செய்யும் லாசிக் மாதிரிதானா இது?

கண்மணி_78:
இல்லைங்க. லேசர் அதே எக்சைமர்தான், 193 நானோமீட்டர். ஆனால் இதில் லாசிக் போலக் கருவிழியில் மடல் வெட்டுவதில்லை. மேலிருந்தே சீவிக்கொண்டு போவார்கள், ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான்.

180 மைக்ரான் புள்ளிகளைத் துரத்தச் சொல்லாதீர்கள். கண் கூசுவதற்கும் வெளிச்சம் சிதறுவதற்கும் முக்கியக் காரணம் மேலே இருப்பவைதான். அந்த 90-லும் 50 மைக்ரான் போல வெறும் மேல்தோல், அது திரும்ப வளர்ந்துவிடும். ஆழமாகப் போகப் போக நடுப்பகுதி தட்டையாகி கண்ணாடியில் பிளஸ் பவர் ஏறும், தழும்பு மங்கலும் கூடும். கொஞ்சம் சீவி, ஸ்லிட் லாம்ப் நுண்ணோக்கியில் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி சீவுவதே முறை.

எந்த வகை என்று அறிய முதலில் டிஜிஎஃப்பிஐ மரபணுச் சோதனை செய்துவிடுங்கள். இரண்டாம் வகை (அவெலினோ) என்று வந்தால் கண்ணாடியைக் கழற்றும் ஆசையில் லாசிக் பக்கமே போகக் கூடாது. படிவு முன்னைவிட அடர்த்தியாக வரும். வீட்டில் மற்றவர்களுக்கும் இது பொருந்தும்.

லேசர்_அறை:
மேல்தோலையும் லேசராலேயே எடுத்தால் இருட்டறையில் அது நீலமாக மினுங்கும். தோல் தீர்ந்த இடம் கறுப்பாகத் தெரியும். அங்கே நிறுத்திவிட்டு, பள்ளங்களில் மெத்தில்செல்லுலோஸ் போன்ற மறைதிரவம் விட்டால் மேடு மட்டும் சீவப்படும். திரவம் அதிகமானால் லேசர் அதிலேயே தீர்ந்துபோகும். குறைந்தால் மேடும் பள்ளமும் அப்படியே கீழே இறங்கும். கைப்பழக்கம் உள்ளவரிடம் போங்கள் என்பது இதனால்தான். கடைசியில் தழும்பு மங்கலைக் குறைக்க 0.02% மைட்டோமைசின் மருந்தைச் சில நொடிகள் வைத்து, நன்றாகக் கழுவிவிடுவார்கள்.

தாமிரபரணி:
நன்றிங்க. வலி எப்படி? திரும்ப வருமா?

கண்மணி_78:
முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சலும் நீர்வடிதலும் நன்றாகவே இருக்கும். சீவிய இடத்தின் மேல் வைக்கும் பாண்டேஜ் லென்ஸைத் தோல் மூடும்வரை, பொதுவாக ஒரு வாரத்துக்குள், எடுக்கக் கூடாது. மரப்புச் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்டு வாங்காதீர்கள், தோல் வளராமல் புண் ஆகிவிடும். வலி குறைந்து திரும்பக் கூடினாலோ, வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். ஸ்டீராய்டு சொட்டு போடும் மாதங்களில் கண் அழுத்தம் பார்க்க வேண்டும். முன்பு கண்ணில் ஹெர்பிஸ் வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், லேசர் அதைக் கிளப்பிவிடலாம்.

படிவு சில வருடங்களில் திரும்ப வரும். தடிமன் மிச்சம் இருந்தால் மறுபடி பிடிகே, இல்லாவிட்டால் டால்க் எனும், கருவிழியின் முன் அடுக்குகளை மட்டும் மாற்றும் அறுவை சிகிச்சை.

லேசர்_அறை:
புதுக் கண்ணாடிக்கு மூன்று மாதமாவது பொறுங்கள், பவர் மாறிக்கொண்டே இருக்கும். இப்போதைய கெரட்டோமெட்ரி, டோபோகிராபி (கருவிழி வளைவின் அளவும் வரைபடமும்) தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு கண்புரைக்கு லென்ஸ் பவர் கணக்கிடும்போது, சீவிய கருவிழியின் அளவு மட்டும் வைத்தால் கணக்கு தப்பும்.