வீட்டுப்பாடத்தில் பெற்றோர் எதுவரை கை வைக்கலாம்?

கேள்வி: மூன்றாம் வகுப்புப் பிள்ளை. பக்கத்தில் ஆள் இருந்தால்தான் கணக்கு நோட்டையே திறக்கிறது. கூடவே உட்காரணுமா, விட்டுடலாமா?

பதில் 1: உட்காருங்க, பென்சிலை மட்டும் தொடாதீங்க. 52-லிருந்து 27 போக 35 என்று எழுதினால் உடனே ரப்பரைத் தேட வேண்டாம். "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேளுங்க. கடன் வாங்காமல், 7-லிருந்து 2-ஐத் திருப்பிக் கழித்தது பிள்ளை வாயாலேயே வந்துடும். நீங்களே 25 என்று திருத்தி அனுப்பினால் அந்தக் குழப்பம் ஆசிரியர் கண்ணில் படவே படாது.

பதில் 2: ஒரேயடியாக எழுந்து போகாதீங்க. முதல் வாரம் 2 கணக்குக்குப் பக்கத்தில். மீதிக்கு அதே அறையில் உங்க வேலையைப் பாருங்க. அடுத்த வாரம் 1 கணக்கு. அரை மணி தாண்டி இழுத்தால் நிறுத்திட்டு, எதுவரை தானாகப் போட்டது என்று நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்புங்க. திட்டிக்கொண்டே முடிக்க வைத்தால் மறுநாள் நோட்டே ஒளிந்துகொள்ளும்.

பதில் 3: ஆசிரியரிடம் "எப்படிப் படிக்குது?" என்றால் "பரவாயில்லை"தான் கிடைக்கும். எந்த வகைக் கணக்கில் தடுக்குது, வகுப்பில் எந்த முறை என்று கேளுங்க. வீட்டில் வேறு முறை சொன்னால் இரண்டையும் கலந்துடும். வாக்கியக் கணக்கு மட்டும் தப்பினால், கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பாருங்க. பல நேரம் சிக்கல் வாசிப்பில்தான்.