சொந்தக் கானாவுக்கே காப்பிரைட் க்ளெய்மா? உதவி தேவை

காசிமேட்டுப் பையன்:
அண்ணன்மாரே, எங்கள் தெருவில் ஒரு பதினாறாம் நாள் காரியத்தில் பெரியப்பா பாடிய கானாவை நானே போனில் எடுத்து யூடியூபில் போட்டேன். வரியும் மெட்டும் அவருடையவை. வாத்தியம் ஒரு டோலக், ஒரு சட்டி, அவ்வளவுதான். மறுநாளே ஓர் ஆடியோ கம்பெனி பெயரில் காப்பிரைட் க்ளெய்ம் வந்திருக்கிறது. விளம்பரக் காசு அவர்களுக்காம். யாரோ தன் பாட்டைத் திருடிவிட்டதாகப் பெரியப்பா கொதிக்கிறார். சேனல் போய்விடுமா?

ராயபுரம் வாசி:
‘காப்பிரைட்டை மீறும் நோக்கம் இல்லை’ என்று வீடியோவுக்குக் கீழே எழுதிவிடு தம்பி. பத்து விநாடிக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது.

பழைய வண்ணாரப்பேட்டை எடிட்டர்:
இரண்டுமே கட்டுக்கதை. பத்து விநாடிக் கணக்கு சட்டத்திலும் இல்லை, யூடியூபிலும் இல்லை. தம்பி, க்ளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. க்ளெய்ம் என்பது பாட்டு தங்களுடையது என்று உரிமை கோருவது; ஸ்ட்ரைக் என்பது காப்பிரைட் மீறலுக்காக சேனல் மேல் விழும் எச்சரிக்கை. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால்தான் சேனலுக்கு ஆபத்து. உனக்கு வந்தது கன்டென்ட் ஐடி க்ளெய்ம் மாதிரி இருக்கிறது. கம்பெனிகள் கொடுத்து வைத்த பாட்டுகளோடு மெஷினே ஒப்பிட்டுப் பார்த்துப் பிடிப்பது அது. யூடியூப் ஸ்டுடியோவில், அதாவது உன் சேனலை நிர்வகிக்கும் பக்கத்தில், க்ளெய்ம் விவரத்தைத் திற. எந்தப் பாட்டு, எங்கிருந்து எங்கே வரை என்று காட்டும். அதைப் பார்க்காமல் டிஸ்ப்யூட், அதாவது ஆட்சேபம், போடாதே.

காசிமேட்டுப் பையன்:
2:14 முதல் 2:51 வரை. அது ஒரு பழைய சினிமாப் பாட்டு! ஹெட்போனில் கேட்டேன். எதிர் டீக்கடை எஃப்எம் அண்ணே. பெரியப்பா நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில் கணீரென்று கேட்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டை எடிட்டர்:
அப்படியென்றால் க்ளெய்ம் சரிதான். டிஸ்ப்யூட் போட்டால் பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் உண்டு, ஆனால் தப்பாகப் போட்டால் அது ஸ்ட்ரைக்கில் போய் முடியலாம். ஸ்டுடியோவிலேயே அந்தப் பகுதியை வெட்டிவிடு. பாட்டை மட்டும் ம்யூட் செய்யவும் வழி இருக்கிறது, ஆனால் பெரியப்பா குரலும் சேர்ந்து அடிபடலாம்.

வியாசர்பாடி அக்கா:
வெட்டும் முன்னால் போனில் இருக்கும் ஒரிஜினலைப் பத்திரப்படுத்து தம்பி. கானாவுக்குக் கீபோர்டு சேர்த்துத் தன் பெயரில் விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் 1957 காப்பிரைட் சட்டப்படி, எங்கும் பதிவு செய்யாவிட்டாலும் வரி எழுதியவருக்கே உரிமை. அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு அது வாரிசுகளுக்கு நிற்கும். நாளைக்குச் சண்டை வந்தால் அந்த ஃபைல்தான் சாட்சி.

காசிமேட்டுப் பையன்:
வெட்டினேன், க்ளெய்ம் விலகிவிட்டது. நன்றி அண்ணே, அக்கா. பெரியப்பா இப்போது டீக்கடைக்காரரிடம் நியாயம் கேட்கப் போயிருக்கிறார்.